பத்தேக்கரில் அனுமதி கேட்டவள்

ஹெஸ்டர் ஆல்டனுக்கு எதையும் யாரிடமாவது கேட்காமல் செய்ய வராது. பேருந்தில் தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ரகம். அவள் ஊரான விலோஃபோர்டில் பாதிப் பேர் அப்படித்தான் என்பதால், இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், பசுமைக் கட்சியின் கவுன்சிலராக இரண்டாம் முறையும் ஜெயித்துவிட்ட பிறகு, இந்த நல்ல பழக்கமே ஒருநாள் ஊரின் கழுத்தில் கத்தியாக வந்து உட்காரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

விஷயம் பத்தேக்கரைப் பற்றியது. ஆற்றோரப் புல்வெளிக்கு அதுதான் பெயர். அளந்தால் பதினோரு ஏக்கர் வரும்; அதைச் சரிசெய்ய வேண்டும் என்று முந்நூறு வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை. அதன் சொந்தக்காரர்களான கார்ட்டன் எஸ்டேட், ஒன்றரை வருஷத்துக்கு முன் ஓர் அக்டோபர் காலையில், வாசலில் புதுப்பூட்டைப் போட்டுச் சுற்றிலும் கம்பி வேலி இழுத்துவிட்டது. சரக்குக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு விற்கப் போகிறார்கள் என்பது ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

தடுக்க ஒரே ஒரு வழி இருந்தது. இருபது வருஷம் ஊரார் ஒரு நிலத்தில் ஒளிவுமறைவில்லாமல், அடிதடியில்லாமல், யார் அனுமதியும் கேட்காமல் ஆடி விளையாடியிருந்தால், அதை ஊர்ப் பொதுவெளி என்று பதிவு செய்துவிடலாம். பிறகு அங்கே யாரும் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது. ஹெஸ்டர் மனு எழுதினாள். நாற்பத்தோரு பேரிடம் வாக்குமூலம் வாங்கினாள். நாயோடு நடப்பவர்கள், பட்டம் விட்டவர்கள், நாவற்பழ நிறத்தில் கையெல்லாம் கறையாக முட்செடிப் பழம் பறித்தவர்கள். எல்லாம் சேர்த்து இரண்டு கோப்புகள். அவள் இரவும் பகலும் உழைத்தாள் என்பதை அவளுடைய எதிரிகள்கூட மறுக்க மாட்டார்கள்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊர்க்கூடத்தில் விசாரணை தொடங்கியது. ஆய்வாளராக வந்தவர் வெள்ளி முடியும் கனத்த கண்ணாடியுமாக ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். எஸ்டேட்டின் வழக்கறிஞர் நல்ல மரியாதைக்காரர். அவர் பக்கத்தில் முப்பது வருஷமாக எஸ்டேட்டின் நிர்வாகியாக இருக்கும் பெல்லாமி உட்கார்ந்து, அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். பத்தேக்கரில் ஊரார் கூடி விளையாடியதாகத் தனக்கு நினைவில்லை, ஓரமாக நாயோடு போகிற ஓரிருவரைப் பார்த்திருக்கலாம் என்று அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்.

மத்தியானம் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு வழக்கறிஞர் ஒரு தாளை எடுத்தார். மூன்று வருஷத்துக்கு முன் ஹெஸ்டர் எஸ்டேட் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம். கட்சிக் கிளையினர் பதினைந்து பேர் வரும் சனிக்கிழமை பத்தேக்கரில் காட்டுப்பூக்களைக் கணக்கெடுக்க விரும்புகிறோம், தங்கள் அனுமதி கிடைத்தால் மிகுந்த நன்றியுடையவர்களாக இருப்போம் என்று அதில் இருந்தது. தாராளமாக என்று பதில் வந்திருந்தது. அதற்கு ஹெஸ்டர் ஒரு நன்றிக் கடிதம் எழுதியிருந்தாள். போதாததற்கு ஒரு ஜாடி பிளம் ஜாமும் அனுப்பியிருந்தாள். ஜாமைப் பற்றியும் வழக்கறிஞர் சொல்லாமல் விடவில்லை.

ஊருக்கு உரிமை இருந்ததென்றால் ஊரின் கவுன்சிலரே எதற்காக அனுமதி கேட்டார் என்று அவர் மென்மையாகக் கேட்டார். சும்மா மரியாதைக்காகத்தான் என்றாள் ஹெஸ்டர். அப்படியானால் மற்றவர்களும் மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள், கேட்காதவர்கள் ஓரமாக நாயோடு நடந்தவர்கள் என்று அவர் முடித்துக்கொண்டார். கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருஷாவருஷம் ஊரே கூடுகிற மாதிரி, யாரையும் கேட்காமல் நடந்த நிகழ்ச்சி ஏதாவது உண்டா என்று ஹெஸ்டரைக் கேட்டார். மனுவில் அப்படி எதையும் தான் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

உண்டு. ஹெஸ்டருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அதை அங்கேயே சொல்லாமல், நாளைக் காலை இதற்குப் பதில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டாள். கேட்ட மறுநொடியே கூடத்தின் பின்வரிசையில் யாரோ சிரிப்பது காதில் விழுந்தது.

அந்த நிகழ்ச்சி ஏப்ரல் இருபத்து மூன்று. இங்கிலாந்தின் காவல் புனிதருடைய நாள். வருஷந்தோறும் அன்றைக்கு நெவில் கட்லர் பத்தேக்கரின் கீழ்க்கோடியில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட நாட்டுக் கொடியை நட்டு, கயிறு இழுக்கும் போட்டி வைப்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கும் போட்டி. கறியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட பையும், சைடர் என்கிற ஆப்பிள் மதுவும் உண்டு. இரைச்சல் ஹெஸ்டர் வீடு வரைக்கும் கேட்கும். அவள் ஒரு தடவையும் போனதில்லை. அன்றைக்கெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தோட்டத்துக் குப்பைக் குழியைக் கிளறப் போய்விடுவாள்.

மனுவில் ஒன்பதாவது கேள்வி, அந்த நிலத்தில் ஊரார் நடத்திய விழாக்கள் எவை என்பது. பேனா அங்கே வந்து நின்றது அவளுக்கு இன்னும் நினைவிருக்கிறது. கொடி என்றாலே அவளுக்குக் கால்பந்தில் நாடு தோற்ற அன்று உடைந்த கண்ணாடிகளும், தெருவில் யாரையாவது பார்த்து உங்கள் நாட்டுக்குப் போ என்று கத்துகிற வாய்களும்தான் கண்முன் வரும். அவள் கட்சிக்கிளையில் கொடியை என்ன செய்வது என்று ஒரு முறை மூன்று மணி நேரம் பேசினார்கள். கொடியை விட்டுக்கொடுக்கக் கூடாது, அதுவும் நம்முடையதுதான் என்றார் ஒருவர். சிலுவைக்குப் பதில் ஓக் இலை போடலாம் என்றார் இன்னொருவர். சிவப்பைப் பச்சையாக்கினால் என்ன என்று மூன்றாமவர். கடைசியில் ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைத்துவிட்டுக் கலைந்தார்கள். துணைக்குழு இன்றுவரை கூடவில்லை. ஹெஸ்டர் ஒன்பதாவது கேள்விக்கு, பூக்கணக்கெடுப்பு, பட்டம், பழம் பறித்தல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நெவிலோடு வேறொரு கணக்கும் தீராமல் இருந்தது. பூட்டு விழுந்த அடுத்த கோடையில் அவர் பத்தேக்கர் வாசலிலிருந்த ஓக் மரக்கிளையில் கொடியை ஏற்றினார். பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். அது கிளையை நெரித்துவிடும் என்று ஹெஸ்டர் ஏணி போட்டு ஏறி, தோட்டத்துக் கத்தரியால் பட்டையை வெட்டிக் கொடியை இறக்கினாள். யாரோ அதைப் படம் எடுத்து, இங்கிலாந்தைப் பிடிக்காத கவுன்சிலர் என்று ஊரெங்கும் அனுப்பினார்கள். அவள் கொடியைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து, மன்னிக்கவும் என்று ஒரு சீட்டும் எழுதி நெவில் வீட்டுக் கதவில் கடிதம் போடுகிற துவாரம் வழியாகத் தள்ளிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு இருவரும் கடையில் எதிர்ப்பட்டால் ரொட்டி வரிசையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்றைய விசாரணை முடிந்த ஐந்து மணிக்கு அவள் நேராக நெவில் வீட்டுக் கதவைத் தட்டினாள். கூரை வேய்கிற தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அறுபத்தெட்டு வயதிலும் தோள் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"வாங்க கவுன்சிலரம்மா," என்றார். "இன்னிக்கு எதை வெட்டணும்? திரைச்சீலை இருக்கு. மேஜை விரிப்பு இருக்கு."

ஹெஸ்டர் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ஆனாலும் முகம் சிவந்துவிட்டது. கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். கடிதத்தைச் சொன்னாள். ஜாமையும் சொன்னாள். நெவில் ஜாம் வந்தபோது சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவளை உட்காரச் சொல்லி, கேட்காமலே டீ போட்டு வந்து வைத்தார். பால் அதிகம். அவள் குடித்தாள்.

"கேட்டியாம்மா நீ," என்றார். "புல்லு மேல நடக்க? நான் இருபத்தாறு வருஷமா ஒருத்தன்கிட்டயும் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல. நம்ம ஊரு, நம்ம வெளி. இதுல எவன்கிட்ட கேக்குறது?"

"அதுதான் வேணும் நெவில். நாளைக்கு வந்து அதையே சொல்லுங்க."

நெவில் கோப்பையைக் கீழே வைத்தார். மனு எழுதுகிறபோது நாற்பத்தோரு கதவைத் தட்டினாயே, என் கதவு எட்டாத உயரத்திலா இருந்தது என்று கேட்டார். இருபத்து மூன்றாம் தேதியைப் பற்றி மனுவில் ஒரு வரி கிடையாது என்று தனக்குத் தெரியும் என்றார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று அவர் குரலைத் தணிக்கவில்லை. சுவரும் ஒன்றும் பெரிய கனமில்லை.

 ஹெஸ்டருக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அவமானமாக இருந்தது.

அவர் எழுந்துபோய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே படங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி. தொண்ணூற்றொன்பதில் ஆரம்பித்துப் பூட்டு விழுகிற வரைக்கும் ஒரு வருஷமும் விடுபடவில்லை. எல்லாப் படத்திலும் நடுவில் கொடி, கீழே கயிறு, கயிற்றில் ஊர். ஹெஸ்டர் குனிந்து பார்த்தாள். தான் மனசுக்குள் வைத்திருந்த கூட்டம் இதில் இல்லை. மருந்துக்கடை பல்வீந்தர் தலைப்பாகையோடு கடைசி ஆளாகக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றான். பழத்தோட்டத்து வேலைக்கு வந்த போலந்துப் பெண்கள் கன்னத்தில் சிவப்புச் சிலுவை வரைந்துகொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றியிருந்தார்கள். பாதிரியார் சேற்றில் மல்லாந்து கிடந்தார்.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. எல்லாப் படத்திலும் பின்னால், வெளியின் மேட்டுப் பக்கத்தில், முளைகளும் அவற்றை இணைக்கிற ஒரு கயிற்று வரிசையும் தெரிந்தன. இது என்ன என்று கேட்டாள்.

"மேல் பக்கம் வானம்பாடி கூடு கட்டுற நேரம்மா அது. தரையிலதான முட்டை போடும். அதான் கயிறு கட்டி, யாரும் அங்க கால் வைக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். ஏன், உன் கட்சியில சேந்தாத்தான் குருவி கண்ணுக்குத் தெரியுமா?"

ஹெஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த வானம்பாடிகளைத் தானும் தன் கிளையும்தான் காப்பாற்றி வந்ததாக அவள் மூன்று துண்டுப்பிரசுரத்தில் எழுதியிருந்தாள். பூட்டு விழுந்த பிறகு கயிற்றை எங்கே இழுத்தீர்கள் என்று கேட்டாள். மதுக்கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் என்றார் நெவில். தார் மேல் இழுத்ததில் ஏழு பேருக்கு முழங்கால் தோல் போயிற்று.

ஒரு படத்தை அவர் தனியாக எடுத்து வைத்தார். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. அதோடு இன்னும் மூன்று படங்கள். அவற்றை மறுபடி டப்பாவுக்குள் போடவில்லை.

"வர்றேன்," என்றார். "ஆனா ஒண்ணு. எங்கள மனுவுல ஏன் விட்டேன்னு நீ அந்தக் கூடத்துல எல்லார் முன்னாடியும் சொல்லணும். எழுதிக் கொடுக்கிறது வேண்டாம், உன் வாயால சொல்லணும். மன்னிப்பு கின்னிப்பு கேக்காத. கொடிய வெட்டிட்டு, துவைச்சு, இஸ்திரி போட்டு, மன்னிப்புச் சீட்டும் வெச்சு அனுப்பின ஒரே எதிரி எனக்கு நீதான். அது போதும்."

அன்று ராத்திரி ஹெஸ்டர் தூங்கினாளா என்று கேட்க வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் பத்தேக்கர் போகும். சொன்னால், ஊரார் பாதிப் பேரைப் பார்த்து வெட்கப்பட்ட கவுன்சிலர் என்று ஊர் முழுக்கத் தெரியும். அவள் கிளைக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். விடியும்போது அவளுக்கு இது ஒரு கேள்வியாகவே இல்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் அவளைப் பார்த்தார். ஹெஸ்டர் எழுந்து நின்றாள். குறிப்பு எதுவும் கையில் இல்லை.

"நேத்து நீங்க கேட்ட மாதிரி ஒரு நிகழ்ச்சி உண்டு. இருபத்தாறு வருஷமா நடக்குது. யாரும் யாரையும் கேக்கல. அதை நான்தான் மனுவுல எழுதாம விட்டேன். எனக்கு அந்தக் கொடியப் பாத்தா வெட்கமா இருந்துச்சு. அதனால அதுக்குக் கீழ நின்ன ஊரையே விட்டுட்டேன். இந்த வெளிய அவங்க என்னைவிட நல்லாப் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அது முந்தாநாள் வரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் முயற்சி பண்ணல."

நேற்று என்று சொல்ல வேண்டியதை முந்தாநாள் என்று சொல்லிவிட்டது உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. முன்வரிசையில் அவள் கிளைச் செயலாளர் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நெவில் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார். படங்களை ஒவ்வொன்றாக ஆய்வாளர் மேஜையில் வைத்தார். வழக்கறிஞர் எழுந்து, இப்படி ஒன்று நடந்திருந்தாலும் எஸ்டேட்டுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை என்றார். தெரியாமல் ஒளித்துச் செய்தது உரிமையாகாது என்றும் நினைவூட்டினார்.

நெவில் அவரை மேலும் கீழும் பார்த்தார். முப்பது அடி உயரத்தில் பறக்கிற கொடியை ஒளித்து வைப்பது கஷ்டம் ஐயா என்றார். பிறகு தனியாக வைத்திருந்த நாலு படங்களை எடுத்து நீட்டினார்.

ஆய்வாளர் முதல் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெல்லாமியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். அதில் எஸ்டேட்டின் நிர்வாகி பெல்லாமி, இந்தப் பக்க அணியில் மூன்றாவது ஆளாக, சட்டைக் கையை மடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று படங்களில் இரண்டில் கறிப் பை தின்றுகொண்டிருந்தார். ஒன்றில் வெற்றிக் கோப்பையைப் பிடித்திருந்தார்.

வழக்கறிஞர் பெல்லாமியின் பக்கம் திரும்பினார். பெல்லாமியின் காது சிவந்து, பிறகு முகம் சிவந்து, பிறகு கழுத்து சிவந்தது. முப்பது வருஷம் தலையாட்டிய மனிதர் அன்றைக்குத்தான் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"அது நான்தான்," என்றார் கடைசியில். "அந்த வருஷம் ஜெயிச்சோம்."

அந்த ஊர்க்கூடத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்து பல வருஷம் ஆகியிருக்கும். ஆய்வாளர்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். யாராவது உங்களிடம் அனுமதி கேட்டார்களா என்று அவர் பெல்லாமியிடம் கேட்டார். இல்லை, கேட்கவில்லை, தனக்கும் அது தோன்றவில்லை, எப்போதும் நடக்கிற ஒன்றுதானே என்று பெல்லாமி சொன்னார். அதற்கு மேல் வழக்கறிஞர் ஒன்றும் கேட்கவில்லை. ஹெஸ்டரின் கடிதம் பதினைந்து பேர் ஒரு சனிக்கிழமை பூ எண்ணியதற்கான கடிதம் என்று ஆய்வாளர் குறித்துக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள். நெஞ்சில் மூன்று வருஷமாக இருந்ததே தெரியாமல் இருந்த கல் ஒன்று இறங்கியது.

மார்ச் மாதம் தீர்ப்பு தபாலில் வந்தது. ஹெஸ்டர் உறையைச் சமையலறையில் நின்றபடியே கிழித்தாள். பத்தேக்கரை ஊர்ப் பொதுவெளியாக ஏற்று முதல் பக்கத்தில் இருந்த ஒரே வாக்கியத்தை மூன்று முறை படித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு நெவில் வீட்டுக்கு ஓடினாள். அவர் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருவரும் போய்ப் பத்தேக்கரின் வாசலில் நின்றார்கள். வேலி அப்படியேதான் இருந்தது. ஆனால் அது இனி ரொம்ப நாள் இருக்காது.

ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி நல்ல வெயில். பூட்டு இருந்த இடத்தில் துருப்பிடித்த வட்டம் மட்டும் மிச்சம். ஓக் மரக்கிளையில் பிளாஸ்டிக் பட்டை இல்லை; நெவில் கொடிக்கு மூங்கில் கம்பு ஒன்றைக் கீழ்க்கோடியில் நட்டிருந்தார். மேட்டுப் பக்கம் முளையும் கயிறும் கட்டியாயிற்று. முளைகளை அடித்தது ஹெஸ்டரின் கிளைக்காரர்கள். துணைக்குழுவின் ஐந்து பேரில் மூன்று பேர் முதல் தடவையாக ஒன்றாகக் கூடியது அன்றைக்குத்தான். கொடியைப் பற்றி யாரும் பேசவில்லை. முளைக்கு இடைவெளி எத்தனை அடி என்பதில்தான் சண்டை. மேலே வானம்பாடி ஒன்று கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் பாடிக்கொண்டே இருந்தது.

ஹெஸ்டர் கொடிக்குக் கீழே வந்து நின்றாள். கொடியைப் பார்த்தாள். வெட்கம் வருகிறதா என்று தன்னையே தேடிப் பார்த்தாள். கொஞ்சம் வந்தது. ஆனால் அது தூரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அது பல்வீந்தருடைய கொடி, சேற்றில் விழுகிற பாதிரியாருடைய கொடி, குருவிக்குக் கயிறு கட்டுகிறவருடைய கொடி. அது தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். தெருவில் கத்துகிறவர்கள் தங்களுக்கென்று வேறு ஒரு துணி வாங்கிக்கொள்ளட்டும்.

அணிகள் இரண்டும் வரிசையாக நின்றன. இந்தப் பக்க அணியில் மூன்றாவது இடத்தில் பெல்லாமி நின்றார். எஸ்டேட்டில் அவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்வி, அதற்காக வருத்தப்பட்டவராகத் தெரியவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் ஆள் குறைந்தது. ஹெஸ்டருக்குக் கை துறுதுறுத்தது. கயிற்றின் ஓரமாக நகர்ந்து நெவிலின் முகத்தைப் பார்த்தாள்.

"நெவில், நான் இதுல..."

நெவில் அவளை முறைத்தார்.  ஊர்க்கூடத்தின் பின்வரிசையில் அன்றைக்குச் சிரித்த அதே ஆள் இப்போதும் சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்.

ஹெஸ்டர் வாயை மூடிக்கொண்டாள். கோட்டைக் கழற்றிப் புல் மேல் போட்டாள். பெல்லாமிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி இழுத்தாள்.